நான் கலைத்த கச்சேரி

சத்தம் வராமல் நிற்கும் ஸ்பீக்கரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒலிக்கலவை செய்து பிழைக்கும் எனக்கு இது ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு நல்ல கர்நாடக இசைப் பதிவை நான் கெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் அதைவிட மோசம். கெட்டுப்போனது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை, கேட்டவர்கள் மேல் பழியைப் போட்டேன். இரண்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாடியவர், வாசித்தவர்கள், வெளியிட்டவர்கள் பெயர் எதுவும் வேண்டாம். அவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை.

என் அறையில் இருப்பது 7.1.4 அமைப்பு. காது மட்டத்தில் ஏழு ஸ்பீக்கர், கூரையில் நான்கு, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்-வூஃபர். டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி முறையில் மொத்தம் 128 தடங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அதில் பத்து, ஸ்பீக்கர்களோடு பிணைந்த அடித்தளம். மீதி 118 ‘ஆப்ஜெக்ட்’. ஓர் ஆப்ஜெக்ட்டை அறையின் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், நகர்த்தலாம், உருட்டலாம். திரையில் ஒரு சின்ன உருண்டையாக அது தெரியும். சுட்டியைப் பிடித்து இழுத்தால் புல்லாங்குழல் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் அதன் ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன்.

நான் சினிமாவிலிருந்து வந்தவன். 2012 டிசம்பரில் ‘சிவாஜி’ படம் முப்பரிமாணமாகத் திரும்ப வந்தபோதே அட்மாஸ் நம் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. அப்போதிலிருந்து மழை, ஹெலிகாப்டர், துரத்தல் காட்சி என்று சத்தங்களைப் பறக்கவிட்டே கை பழகிவிட்டது. ஆனால் திரையரங்கில் கண்ணுக்கு முன்னால் திரை இருக்கிறது. வசனமும் முகமும் அங்கே இருப்பதால், பின்னால் எது ஓடினாலும் பார்ப்பவர் தடுமாறுவதில்லை. அங்கேயும்கூட பின் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் அளவுக்கு மீறினால் ஜனம் திரும்பிப் பார்க்கும், கதை அறுந்துபோகும். நல்ல மிக்ஸர்கள் அதற்குப் பயப்படுவார்கள். பாட்டுக்குத் திரையே கிடையாது. மேடை எங்கே இருக்கிறது, பாடகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் காதுக்கு மிக்ஸ்தான் சொல்லியாக வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது அல்ல. கருத்தரங்கில் பேசச் சொன்னால் அழகாகப் பேசுவேன். கை மட்டும் கேட்கவில்லை.

2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் பாட்டுகள் வர ஆரம்பித்தன. அதற்குப் பிறகு இசை நிறுவனங்களிடமிருந்து வேலை குவிந்தது. பழைய ஸ்டீரியோ பதிவுகளுக்கெல்லாம் ஓர் அட்மாஸ் வடிவம் வேண்டும் என்றார்கள். அப்படி வந்ததுதான் இந்தத் தொகுப்பு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பின்னால் தம்பூரா. பாடகி பிடிவாதமாக நின்று, தனித்தனி அறைகளில் அடைக்காமல், எல்லோரையும் ஒரே கூடத்தில் கச்சேரிக்கு உட்காருவதுபோல் உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தார். பதிவு செய்தவர் வேறொருவர், என்னைவிடப் பொறுமைசாலி. ஸ்டீரியோ மிக்ஸ் ஏற்கெனவே வெளிவந்து நன்றாகவே இருந்தது. கண்ணை மூடினால் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அந்த நான்காவது வரிசை எனக்குப் போதவில்லை. முன்னால் மூன்று ஸ்பீக்கரில் எல்லாம் முடிந்துபோனால் மற்றவை எதற்கு, நிறுவனம் எனக்குப் பணம் கொடுப்பது எதற்கு என்று தோன்றியது. கேட்பவர் முதல் நிமிடத்திலேயே ‘அட!’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த வேலை வரும். இதுதான் அன்றைக்கு என் மனசில் இருந்தது, வேறு எதுவும் இல்லை.

முதலில் மிருதங்கத்தில் கை வைத்தேன். உச்ச ஒலித் தோலான வலந்தலைக்கு ஒரு மைக், தாழ்ந்த ஒலித் தோலான தொப்பிக்கு ஒரு மைக் என்று இரண்டு தடங்கள் இருந்தன. ஸ்டீரியோவில் இரண்டும் ஒரு கையகல இடைவெளியில் ஒட்டி நிற்கும். நான் அவற்றைப் பிரித்தேன். வலந்தலையை வலப்பக்கச் சுவருக்கும் தொப்பியை இடப்புறம் பின்னாலும் கொண்டுபோனேன். மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கேட்பவர் அதற்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்பது என் கற்பனை. தனித்தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருந்தது. வலந்தலையின் சாப்பு ஒரு சுவரில் தெறித்தது, தொப்பியின் குமுக்கி முதுகுக்குப் பின்னால் உறுமியது. ஆனால் மிருதங்கம் என்ற வாத்தியம் காணாமல் போயிருந்தது. அதன் பல சொற்கள் இரண்டு கையும் சேர்ந்து விழும்போதுதான் பிறக்கின்றன. இரண்டு கைக்கும் நடுவே அறையின் அகலத்தை வைத்தால், ஒரே விநாடியில் இரண்டு பேர் வெவ்வேறு தோலைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். கணக்கு மிச்சம் இருக்கும், சொல் இருக்காது.

குமுக்கியின் அடிப்பகுதியைத் தனியாகப் பிரித்து, தாழ்ஒலிக்கென்றே உள்ள எல்.எஃப்.இ. சேனலுக்கு அனுப்பினேன். சப்-வூஃபர் வேலை செய்வது தெரிய வேண்டுமே! அந்தச் சேனல் சினிமாவில் வெடிச்சத்தத்துக்காக ஏற்பட்டது. மிக்ஸைச் சாதாரண ஸ்டீரியோவுக்கு மடக்கும்போது பெரும்பாலும் அது விட்டுப்போகும். பாட்டுக்கு அவசியமான தாழ்ஒலியை அங்கே மட்டும் வைக்காதே என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நானே உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இடக்கை வாசிப்புக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றால் அவரும் வயலின்காரரும் வழக்கமான இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு எல்லோரும் சம்மதித்துவிடவில்லை, மனவருத்தங்கள் உண்டாயின. கச்சேரி மேடையில் யார் எந்தப் பக்கம் உட்காருவது, எந்தத் தோல் எந்தத் திசையைப் பார்ப்பது என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. மைக் இல்லாத காலத்திலிருந்தே காதுகளை வைத்துத் தேர்ந்தெடுத்த அமைப்பு அது. தலைமுறைகள் செய்துவைத்த மிக்ஸ் அது. நான் ஒரு மத்தியானத்தில் அதை இழுத்துக் கலைத்தேன்.

அடுத்தது வயலின். ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்ததால் வயலின் மைக்கில் பாடகியின் குரலும் விழுந்திருந்தது. சத்தம் ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். இருவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் என்றால் அவர் குரல் வயலின் மைக்கை நாலரை மில்லி செகண்ட் தாமதமாகத் தொடுகிறது. இரண்டும் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை இது குற்றமே இல்லை, கூடத்தின் காற்று மாதிரி ஓர் உடம்பைத்தான் கொடுக்கும். நான் வயலினைப் பின்சுவருக்குக் கொண்டுபோனதும் பாடகியின் இரண்டாம் குரலும் கூடவே போய்விட்டது. முதலில் காதுக்கு வரும் ஒலியின் திசையைத்தான் மூளை நம்பும் என்பதை 1949-இலேயே ஹெல்முட் ஹாஸ் காட்டியிருக்கிறார். அதனால் குரல் முன்னாலிருந்தே வருவதுபோல் இருந்தது. ஆனால் அதன் நிறம் மாறிப் பொள்ளலாகிவிட்டது. பாடகி மெல்லப் பாடுகையில் வயலின் ஏறி நிற்கும் இடங்களில், பின்னால் யாரோ கூடவே முணுமுணுப்பது கேட்டது.

அதோடு நிறுத்தி வயலினை அதன் இடத்திலேயே விட்டிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. இப்படி ஒரு மைக்கிலிருந்து இன்னொன்றில் கசிந்த ஒலியை மென்பொருளால் சுத்தம் செய்தேன். வயலின் தடத்தில் வயலின் மட்டும், குரல் தடத்தில் குரல் மட்டும். சுத்தமாகத்தான் வந்தது. வில் திரும்பும்போது கேட்கும் அந்த உராய்வு போய்விட்டது, பாடகி மூச்செடுப்பது பாதியில் வெட்டுப்பட்டது, கூடம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. பிறகு, இல்லாத கூடத்துக்குப் பதிலாக ஒரு செயற்கை ரிவெர்பைக் கொண்டுவந்து எல்லா ஸ்பீக்கரிலும் ஊற்றினேன். உண்மையான கூடம் அந்தத் தடங்களிலேயே இருந்தது. அதை அழித்துவிட்டுப் பொய்க் கூடம் ஒன்றைக் கட்டினேன்.

தம்பூரா விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. அதைக் கூரையின் நான்கு ஸ்பீக்கருக்கும் ஏற்றினேன், சுருதி ஆகாயத்திலிருந்து இறங்குவதுபோல் இருக்கட்டும் என்று. ஒரே ஒலியை நான்கு இடத்திலிருந்தும் அனுப்பினால் அது விரியாது, ஒரு புள்ளியாகக் குவியும். விரிய வேண்டுமென்றால் நான்கும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட வேண்டும். சினிமாப் பாட்டில் நாங்கள் செய்யும் வழக்கமான வித்தை ஒன்று உண்டு: ஒவ்வொன்றையும் நாலைந்து சென்ட் ஏற்றி இறக்கி விடுவது. சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. கிடாருக்கோ கோரஸுக்கோ அது மெருகு. தம்பூராவுக்கு? சுருதிக்கென்றே இருக்கும் ஒரு வாத்தியத்தின் சுருதியை நான் வேண்டுமென்றே கலைத்திருக்கிறேன். யோசித்துச் செய்தது அல்ல, கை தானாகப் போய்ச் செய்தது. அதனால் அது சின்னக் குற்றம் ஆகிவிடாது.

கேட்டுப்பார்க்க இருவர் வந்தார்கள். பாடகி நடு இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், “சார், தம்பூரா ஏன் இப்படிக் கலங்கினாப்பல இருக்கு?” என்றார். மேலேயிருந்து வருவதால் புதிதாகத் தெரியும், பழகிவிட்டால் சரியாகிவிடும் என்றேன். தொழில்நுட்பம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதையில் அவர் மேலே பேசவில்லை. மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் முடியும்வரை தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்ததும், “தம்பி, நான் எங்க உக்காந்திருக்கேன்?” என்று கேட்டார்.

“எல்லாப் பக்கமும் இருக்கீங்கண்ணா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “சரி” என்றார். காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது.

அவர் கேட்டது என்ன என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. எது பிழை, அதற்கு மருந்து என்ன, எத்தனை நாள் வேலை என்பதுவரை தெரிந்தது. ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் கெஞ்சிக் கேட்டிருந்தால் தேதியை நீட்டியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் முதலில் செய்தது தப்பு என்று சொல்லவேண்டி வரும். அதற்கு மனசு வரவில்லை.

வித்வானின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஸ்டீவன் வில்சன் பழைய ராக் தொகுப்புகளை 5.1-க்கு மாற்றுபவர். ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ தொகுப்புக்கு அவர் செய்த மறுகலவை 2009-இல் வெளிவந்தது. சரவுண்டுக்குப் போகும் முன்னால், மூலத் தடங்களை வைத்துப் பழைய ஸ்டீரியோ மிக்ஸை அப்படியே திரும்பக் கட்டுவது அவர் வழக்கம். எந்த வாத்தியம் எதைத் தாங்கி நிற்கிறது என்பது கைக்குத் தெரிந்த பிறகுதான் சுவர்களை விலக்குகிறார். நான் அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்தேன். நல்ல ஸ்டீரியோ மிக்ஸ் ஒன்று கையிலிருந்தும் அதை ஒரு தடவைகூட நான் திரும்பக் கட்டிப் பார்க்கவில்லை.

பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973-இல் வந்தது. ஆலன் பார்சன்ஸ் அதற்கு நான்கு ஸ்பீக்கர் மிக்ஸ் ஒன்றைச் செய்தார். 2003-இல் ஜேம்ஸ் கத்ரி 5.1 செய்தார். அந்தத் தொகுப்பில் கடிகாரங்களும் காசுச் சத்தமும் ஓடும் காலடியும் கேட்பவரைச் சுற்றிவந்தால் யாருக்கும் உறுத்தாது. அந்தக் குழுவினர் 1967-இலேயே லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் ஒலியைச் சபையைச் சுற்றி ஓடவிட்டவர்கள். சுற்றுவது அவர்கள் இசைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நார்வேயின் 2எல் நிறுவனத்தின் மோர்ட்டன் லிண்ட்பெர்க் இன்னொரு வழி வைத்திருக்கிறார். தேவாலயத்தில் மைக் கூட்டம் ஒன்றை நடுவில் நிறுத்தி, பாடுபவர்களையும் வாசிப்பவர்களையும் அதைச் சுற்றி நிற்கவைக்கிறார். யார் எங்கே என்பது பதிவுக்கு முன்பே இசையோடு சேர்ந்து முடிவாகிவிடுகிறது. பின்னால் இழுத்து நகர்த்த எதுவும் இல்லை. ‘லக்ஸ்’ என்ற பதிவுக்கு 2020-இல் அவருக்குக் கிராமி கிடைத்தது. அதைக் கேட்கும்போது பின்னாலிருந்து வரும் குரலுக்கும் முன்னாலிருந்து வரும் குரலுக்கும் ஒரே காற்று. நான் செய்ததில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் காற்று.

இவற்றையெல்லாம் நான் முன்பே கேட்டிருந்தேன், ரசித்திருந்தேன், இளையவர்களிடம் சிலாகித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தொகுப்பு வெளிவந்தது. ‘குரல் ஏதோ சுரங்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கிறது’, ‘மிருதங்கத்தில் கனமே இல்லை’ என்று தெரிந்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன். ‘ஹெட்ஃபோனில் கேட்டால் அப்படித்தான், ஒழுங்கான அறையில் ஸ்பீக்கரில் கேளுங்கள்.’ இது எவ்வளவு அநியாயமான பதில்! சுற்றிலும் பன்னிரண்டு ஸ்பீக்கர் வைத்த அறை எத்தனை வீட்டில் இருக்கும்? அட்மாஸ் பாட்டைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பேருந்திலும் நடைப்பயிற்சியிலும் ஹெட்ஃபோனில்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்த மிக்ஸ் போகிறது. நான் அதை ஹெட்ஃபோனில் ஒழுங்காக உட்கார்ந்து கேட்கவே இல்லை. அவசரமாக ஓரிரண்டு இடங்களைத் தட்டிப் பார்த்ததோடு சரி.

கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்பதை நாம் பெரிதும் காது மடலின் மடிப்புகளைக் கொண்டுதான் உணர்கிறோம். ஒவ்வொருவர் மடலும் வேறு. மென்பொருள் ஏதோ ஒரு பொதுவான காதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் நான் முதுகுக்குப் பின்னால் வைத்த தொப்பி சிலருக்கு முன்னாலும் சிலருக்குத் தலைக்குள்ளும் கேட்கும். டால்பி கருவியில் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்கும் ஹெட்ஃபோனில் கிட்டே, நடுவே, தூரே என்று அளவு வைக்கலாம். நான் எல்லாவற்றையும் ‘தூரே’ என்று வைத்தேன். ஆப்பிள் மியூசிக் அந்த அளவுகளை எடுத்துக்கொள்ளாமல் தன் கணக்கிலேயே மாற்றிக்கொள்ளும். அங்கே எப்படி இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. ஸ்ட்ரீமிங்குக்குச் சுருக்கும்போது ஆப்ஜெக்ட்டுகளெல்லாம் 12 முதல் 16 கொத்துகளாகக் குறுகிவிடும், நான் மில்லிமீட்டர் கணக்கில் வைத்த இடங்களுக்கு அங்கே மதிப்பில்லை. ஸ்டீரியோவில் எல்லா வாத்தியமும் கடைசியில் ஒரே கம்ப்ரசர் வழியாகப் போய் ஒன்றோடொன்று இணங்கும். அட்மாஸில் அப்படி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து அழுத்தச் சுலபமான வழி கிடையாது. சராசரி உரப்பும் மைனஸ் 18 LKFS-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே இணக்கத்தை வேறு வழியில் சம்பாதிக்க வேண்டும், ஒரே கூடத்தின் எதிரொலியால், வாத்தியங்களின் நெருக்கத்தால். நான் கைக்கு வந்த இரண்டையும் தூக்கி எறிந்திருந்தேன்.

ஜைல்ஸ் மார்ட்டின் செய்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ 1967-இல் நான்கு தட டேப்பில், தடங்களை மேலும் மேலும் ஒடுக்கிப் பதிவானது. அதன் அட்மாஸ் மிக்ஸ் அவர் செய்தது. 2021-இல், அந்த வியாபாரமே சூடுபிடித்திருந்த நேரத்தில், தான் செய்தது சரியாக ஒலிக்கவில்லை, மாற்றப்போகிறேன் என்று பத்திரிகைக்கே வெளிப்படையாகச் சொன்னார். உலகமே கவனிக்கும் ஒரு தொகுப்பைப் பற்றி அவரால் சொல்ல முடிந்தது. சில ஆயிரம் பேர் கேட்கும் ஒரு தொகுப்பைப் பற்றி என்னால் இரண்டு பேரிடம் சொல்ல முடியவில்லை.

இப்போது அதைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன், யாரும் கேட்காமல், சொந்தச் செலவில். நல்லவேளையாகச் சுத்தம் செய்யாத மூலத் தடங்களைப் பத்திரமாக வைத்திருந்தேன். முதலில் பழைய ஸ்டீரியோ மிக்ஸை அப்படியே கட்டினேன். அதற்கே நிறைய நாள் பிடித்தது. அந்த முதல் பொறியாளர் எவ்வளவு கவனமாக வயலினை வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. குரல் முன்னால், நடு ஸ்பீக்கரில் கொஞ்சமும் இரண்டு பக்கத்தில் கொஞ்சமுமாக நிற்கிறது. வலந்தலையும் தொப்பியும் மறுபடியும் ஒரே வாத்தியம். தம்பூரா பாடகிக்குப் பின்னால், ஒரு சென்ட்கூட விலகாமல் இருக்கிறது. கூடத்தின் உயரத்தில் தனியாக இரண்டு மைக் வைத்திருந்தார்கள். முதல் தடவை அவற்றை நான் தொடவே இல்லை. கூரைக்கும் பின்சுவருக்கும் இப்போது போவது அவை மட்டும்தான். பின் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ஏதோ இருப்பது தெரியும். அதை அணைத்தால் மட்டும் கூடம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. தனி ஆவர்த்தனத்தில் ஓர் இடத்தில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தனியை முடிக்கும் மோராவுக்கு முன்னால் வித்வான் விடும் இடைவெளியில் மேல் மைக்குகளைக் கொஞ்சம் ஏற்றலாமா, அது மறுபடியும் என் பழைய புத்தியா என்று தெரியவில்லை. இப்போதைக்கு ஏற்றாமல் விட்டிருக்கிறேன்.

நிறுவனத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதி, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாடகியிடம் தம்பூராவைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்றைக்கே சந்தேகப்பட்டதாகவும், தன் காதில்தான் கோளாறோ என்று பல நாள் குழம்பியதாகவும் சொன்னார். ஒரு பாடகியைத் தன் காதையே சந்தேகப்பட வைத்திருக்கிறேன். நான் செய்ததில் இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. வித்வானுக்கும் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் ஸ்பீக்கரைப் போடுவேன்.